நிலவறையில் அவர் கண்ட முகம்

டொம்ப்ரோவா கோட்டை
மெழுகுதிரித் திருநாளுக்கு மறுநாள், 1272

ஓல்ஷின் மடத்தின் தலைவி அன்னை சுலிஸ்லாவா அவர்களுக்கு, மறைந்த கோமகன் டோப்ரோமிரின் மனைவி எவுஃபேமியா எழுதுவது.

நீங்கள் அனுப்பிய கட்டு வந்து சேர்ந்தது. தேன்காட்டுக் காவலன் சொபோட்டா அதைத் தன் ஆட்டுத்தோல் அங்கிக்குள் வைத்துக் கொண்டுவந்ததால் முதல் ஏட்டில் தேன் ஒட்டியிருக்கிறது. அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. குறை சொல்ல வேறு விஷயங்கள் இருக்கின்றன.

உங்கள் துறவி யாகூப் என் கணவரின் வாழ்வையும் ஆட்சியையும் எழுதுவதும், வரும் மார்ட்டின் திருநாளில், அவருடைய முதல் நினைவு நாளன்று, அவர் கல்லறைக்கு முன் அது வாசிக்கப்படப் போவதும் எனக்கு மகிழ்ச்சியே. பிழை இருந்தால் திருத்தித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். கேட்டதால் சொல்கிறேன்.

அவர் ஆண்டது முப்பது ஆண்டுகள் அல்ல, முப்பத்தொன்று. அவர் புதன்கிழமைகளில் நோன்பிருந்ததே இல்லை; வெள்ளிக்கிழமைகளில் இருந்தார், அதுவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. குடிகளிடம் இனிமையாகப் பேசினார் என்று எழுதியிருக்கிறது. அவர் யாரிடமும் அதிகம் பேசியவரில்லை. கோபம் வந்தால் தன் மீசையைத் தானே பிடித்து இழுப்பார். எதிரில் நிற்பவன் அதைப் பார்த்தே உண்மையைச் சொல்லிவிடுவான். எங்கள் திருமணம் அறுவடைக் காலத்தில் நடக்கவில்லை. ஈஸ்டருக்கு அடுத்த திங்களன்று நடந்தது. ஊரார் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும் நாள், மணப்பெண்ணையும் விடவில்லை. நனைந்த உடையோடுதான் நான் உங்கள் குடும்பத்துக்குள் வந்தேன்.

யாகூப் ரைன் நதிக்கரைக்காரர், நம் வழக்கம் அவருக்குத் தெரியவில்லை. ஆறாம் அதிகாரத்தில் ‘சிறுவனுக்கு முடி வெட்டினார்கள்’ என்று நாவிதர் வேலைபோல எழுதியிருக்கிறார். அவருக்கு விளக்குங்கள். ஏழு வயதுவரை ஆண்பிள்ளையின் தலையில் கத்தரி படாது. அதுவரை அவன் தாயின் பிள்ளை. ஏழாம் வயதில் தகப்பன் முடியிறக்கினால் அவன் தகப்பனின் வாரிசு. தகப்பன் தன் வாயால் சொல்லி வேறொருவர் இறக்கினால், அந்த ஆள் அன்று முதல் அந்த வீட்டுக்கு உறவு. இரத்த உறவின்மேல் வாள் எடுத்தவர்கள் உண்டு; இந்த உறவின்மேல் எடுக்க முடியாது. தகப்பன் சொல்லாமல் வேறொருவர் இறக்கினால் பிள்ளை அந்த ஆளுடையவன் ஆகிவிடுவான் என்பதை அவர் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

இனி அந்த ஆறாம் அதிகாரம். கோமகன் தன் சித்தப்பா ராஜிமிரால் பிடிபட்டுக் காமியென் கோட்டையின் நிலவறையில் கிடந்தபோது, அவர் தங்கை சுலிஸ்லாவா படியிறங்கிப் போய், மகன் லெஷெக்கின் முடியை ராஜிமிர் இறக்கலாம் என்ற சம்மதத்தை அவர் வாயால் வாங்கி வந்தாள், அதனால் அவர் விடுதலையானார் என்று அதில் இருக்கிறது.

புத்தகம் முழுவதிலும் என் பெயர் மூன்று இடங்களில் வருகிறது. மணந்தார், பெற்றாள், அழுதாள். உங்கள் பெயர் பதினேழு இடங்களில். எண்ணிப் பார்த்தேன்.

அன்று யார் எங்கே நின்றார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ராஜிமிர் இறந்து பதினோரு ஆண்டுகளாகின்றன. லெஷெக் தகப்பனின் இருக்கையில் அமர்ந்துவிட்டான். இனி யாருக்கும் எதுவும் ஆகிவிடப் போவதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லுங்கள்.

எவுஃபேமியா


ஓல்ஷின் மடம்
புனித கிரகோரியார் திருநாள்

அன்புள்ள அண்ணி,

உங்கள் திருத்தங்களை யாகூபிடம் கொடுத்தேன். மீசையைத் தவிர மற்றதை ஏற்றுக்கொண்டார். மீசை, கோவிலில் வாசிக்க ஏற்றதல்ல என்கிறார்.

ஆறாம் அதிகாரத்தை மாற்ற முடியாது. அது யாகூப் எழுதியதும் அல்ல, நான் சொன்னதும் அல்ல. அண்ணன் சொன்னது. கடைசிப் பதினாறு நாட்கள் அவர் இங்கே எங்கள் விருந்தினர் அறையில் கிடந்தபோது யாகூப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். அண்ணன் சொன்னதை அப்படியே தருகிறேன்: “அந்தக் குழிக்குள்ள ஒன்பது வாரம் ஒரு மனுஷ முகம் பார்க்கலை. அப்புறம் விளக்கோட சுலி இறங்கி வந்தா. அவ முகத்தைப் பார்த்தப்போதான் நான் இன்னும் சாகலைன்னு தெரிஞ்சுது.” சாகப் போகிறவர் சொன்ன சொல்லை நான் எப்படி வெட்டுவது?

நீங்கள் பதினேழு என்று எண்ணியிருக்கிறீர்கள். நான் எண்ணவில்லை. சின்ன வயதில் உங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த மடத்தில் கோடு கோணினால் விரலில் அடிப்பார்களாம், அண்ணன் சொல்லிச் சிரிப்பார். அந்தப் பழக்கம் உங்களை விடவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்பட வேண்டாம். உடம்பு முடியாமல் போனதும் அண்ணன் உங்கள் டொம்ப்ரோவாவில் இருந்து புறப்பட்டு, மூன்று நாள் வண்டியில் குலுங்கிக்கொண்டு, இங்கே வந்து சேர்ந்தார். ஏன் என்று நீங்கள் யோசித்ததுண்டா?

நோன்புக் காலம். உப்பு மீனும் புளித்த கஞ்சியும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கால் வீங்கியிருக்கிறது. எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

சுலிஸ்லாவா


டொம்ப்ரோவா
மங்கள வார்த்தைத் திருநாள்

சுலிஸ்லாவா,

இந்தக் கடிதத்தில் ‘நீங்கள்’ கிடையாது. மடத்தலைவிக்கு எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். இது என் நாத்தனாருக்கு.

அவர் ஏன் அங்கே வந்தார் என்று யோசித்ததுண்டா என்கிறாய். வேறு எதை யோசித்தேன் என்று நினைக்கிறாய்? வண்டியில் வைக்கோலைப் பரப்பியவள் நான். கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டவள் நான். வாசலில் நின்று, “நானும் வரட்டுமா?” என்று கேட்டேன். “குளிர்ல நீ எதுக்கு? அங்க சுலி இருக்கா” என்றார். முப்பத்தைந்து ஆண்டுக் குடித்தனம் இந்த மூன்று சொல்லில் முடிந்தது.

உனக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். தேன்காட்டு எல்லையைப் பேசி முடிக்கலாம் என்று ராஜிமிர் அவரை விருந்துக்கு அழைத்து, பந்தியிலேயே பிடித்துக் கட்டினார். எட்டு வாரம் நம் வீரர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். ஒன்பதாம் வாரம், பனிக்காலம், நான் ஐந்து வயது லெஷெக்கைக் குதிரைமேல் எனக்கு முன்னால் உட்கார வைத்துக்கொண்டு காமியெனுக்குப் போனேன். நீயும் வந்தாய். கோட்டை வாசல் வரை. உள்ளே போனது நானும் பிள்ளையும்.

ராஜிமிர் வேகவைத்த பன்றித்தலையை வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “என்னம்மா, புருஷனைக் கூட்டிட்டுப் போக வந்தியா? அவன் விருந்து இன்னும் முடியலையே” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

“மாமா, உங்களுக்குப் பிள்ளை இல்ல. என் பிள்ளைக்கு நீங்க முடியிறக்குங்க” என்றேன்.

“அஞ்சு வயசுதானே ஆகுது இவனுக்கு?”

“உங்களுக்கு அம்பத்தாறு ஆகுது.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தார். டோப்ரோமிர் சம்மதித்தானா என்று கேட்டார். “அவரைக் குழியில போட்டுட்டு அவர் சொன்னாரான்னு எங்கிட்ட கேக்கறீங்களே மாமா” என்றேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. பிள்ளையாசை அப்படி. அங்கேயே கத்தரி கொண்டுவரச் சொன்னார். லெஷெக் அழவில்லை, முடி மடியில் விழ விழ என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இறக்கி முடித்த பிறகுதான் அவருடைய ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இனி குழியில் கிடப்பது முடியிறக்கிய வீட்டு உறவுக்காரன். உறவுக்காரனைக் குழியில் வைத்திருப்பவனுக்கு எந்த வீரன் சேவகம் செய்வான்? மூன்றாம் நாள் சாவியைக் கொடுத்தார்.

இதுவரை உனக்குத் தெரியும். இனி எழுதுவது யாருக்கும் தெரியாது.

அவரை மேலே கொண்டுவர ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். நானே போகிறேன் என்றேன். விளக்கை வாங்கிக்கொண்டு இறங்கினேன். பத்தொன்பது படிகள், பதினொன்றாவது உடைந்திருந்தது. வைக்கோல்மேல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காய்ச்சல் கொதித்தது. விளக்கை என் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன், என்னைப் பார்க்கட்டும் என்று. திரும்பினார். என் முகத்தைத் தொட்டார். “சுலி, வந்துட்டியா” என்றார்.

அவர் கண்ட முகம் என் முகம். உன் பெயரை அதற்கு வைத்தார். நான் திருத்தவில்லை. நோயாளியோடு வாதாட வேண்டாம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு சொல்லியிருந்தால், சம்மதம் கேட்க யாரும் அவரிடம் போகவே இல்லை என்பது வெளியே வந்திருக்கும். பிள்ளைக்காக வாயை மூடினேன். நீ அதன்மேல் ஒரு மடத்தையே கட்டிக்கொண்டாய்.

எவுஃபேமியா


ஓல்ஷின்
குருத்து ஞாயிறுக்கு முந்தைய வியாழன்

அண்ணி,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன்.

நான் வாசலைத் தாண்டவில்லை. உண்மை. கையில் ஒரு கறுப்பு ரொட்டி வைத்திருந்தேன், அண்ணனுக்கு. காவல்காரன், “சாமியாரம்மா, அதை இப்படிக் குடுத்துட்டு நெருப்புக்கிட்ட போய் நில்லுங்க” என்றான். கொடுத்தேன். என் கண்முன்னே தின்றான். அதைக்கூடத் தடுக்கத் தெரியாதவளாக நின்றேன். அந்த நேரத்தில் நீங்கள் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பது பிறகு தெரிந்தபோது எனக்கு வந்தது நன்றியல்ல. வயிறு எரிந்தது. என் அண்ணனை மீட்க எனக்குத் தோன்றாதது, எங்கிருந்தோ நனைந்த உடையோடு வந்தவளுக்குத் தோன்றியிருக்கிறது.

பிறகு லிசோவில் நம் வீரர்கள் கூடிய அன்று பாகோஷ் எழுந்து, “யார் சொல்லி முடியிறக்கினது?” என்று கேட்டான். அப்போது அவன் இளைஞன், படைத்தலைவன் ஆகவில்லை. நீங்கள் பேசவில்லை. என்னைப் பார்த்தீர்கள். “அண்ணன் சொன்னார். எங்கிட்ட சொன்னார்” என்றேன். ஒரே ஒரு வாக்கியம். லெஷெக்குக்காக. உடனே, காய்ச்சல் தணியாமல் கட்டிலோடு அங்கே தூக்கிவரப்பட்டிருந்த அண்ணன் தலையைத் தூக்கி, “ஆமா, சுலி கீழ வந்தா” என்றார். அவருக்குக் காய்ச்சலில் கடவுள் என் முகத்தைக் காட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். இருபத்தொன்பது ஆண்டுகளாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒன்று என்னுடையது என்று இருந்தேன். அதையும் போன மாதம் எடுத்துக்கொண்டீர்கள்.

மடத்தைக் கட்டிக்கொண்டாய் என்கிறீர்கள். அவர் கட்டினார். ஒவ்வொரு ஆண்டும் தேனும் மெழுகும் வரும்போது, நன்றி என்ற சொல்லும் கூடவே வரும். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் உட்கார்ந்து, “அன்னிக்கு நான் உங்கிட்ட முதல்ல என்ன கேட்டேன் சுலி?” என்பார். நான் எதையாவது சொல்லுவேன். தண்ணீர் கேட்டார் என்பேன். இன்னொரு முறை, குதிரையைப் பற்றிக் கேட்டார் என்பேன். மாற்றி மாற்றிச் சொன்னதை அவர் கவனிக்கவில்லை. உங்களைக் கட்டுமுன் அவர் என்னிடம்தான் எல்லாவற்றையும் சொல்லுவார்; அது திரும்பி வந்தது, நீங்கள் செய்த காரியத்தின் கூலியாக. உங்கள் உடுப்பைப் போட்டுக்கொண்டு அவரிடம் அன்பு வாங்கியிருக்கிறேன். அளவு சரியாக இருந்ததே இல்லை.

எனக்கு வயதாகிவிட்டது. பொய்யோடு சாக விருப்பமில்லை. நடந்ததை நடந்தபடி யாகூபை எழுத வைத்தேன். புதிய ஆறாம் அதிகாரம் இத்துடன். இதில் என் பெயர் ஒரே ஒரு இடத்தில் வருகிறது: ‘வாசலில் நின்றாள்.’

சுலிஸ்லாவா


டொம்ப்ரோவா
ஈஸ்டருக்குப் பின் புதன்

அன்புள்ள சுலிஸ்லாவா,

உன் யாகூபுக்கு எழுத வருகிறது. முந்தைய கட்டைப் படித்தபோது எனக்கு அது தெரியவில்லை. ‘ஐம்பத்தாறு வயது’ என்று நான் சொன்ன இடத்தை மூன்று முறை படித்தேன். ஒரே ஒரு திருத்தம்: அது பன்றித்தலை. வாத்து அல்ல. மாற்றச் சொல்.

ஈஸ்டர் திங்களன்று என் மேசையில் முப்பத்துநான்கு பேர். ஆட்டிறைச்சியும் முட்டையும் முடிந்து தேன்மது வந்தபோது, அதிகாரம் முழுவதையும் நானே எழுந்து நின்று வாசித்தேன். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை ஆண்டுகளில் என்னைப் பார்த்து அவள் கண் கலங்குவது இதுவே முதல் முறை. பாகோஷ் எதுவும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். அவருக்கு வயிறு சரியில்லை என்று நினைக்கிறேன். காமியெனிலிருந்து வந்திருந்த குருவானவர்கூடக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, படிகள் எத்தனை என்று மறுபடி கேட்டுத் தெரிந்துகொண்டார்.

நீ செய்தது நல்ல காரியம். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிட்டேன். கால் வீக்கத்துக்கு முட்டைக்கோஸ் இலையைச் சூடாக்கிக் கட்டு.

எவுஃபேமியா


டொம்ப்ரோவா
பெந்தக்கோஸ்துக்குப் பின் வெள்ளி

சுலிஸ்லாவா,

இதைக் கொண்டுவரும் சொபோட்டாவிடம் உடனே பதில் கொடு.

ராஜிமிருக்கு வயதான காலத்தில் பிறந்த மகன் ஹென்ரிக் இருக்கிறானே, இப்போது காமியெனை ஆள்பவன், அவன் நேற்று ஆள் அனுப்பியிருக்கிறான். டோப்ரோமிர் வாயால் சொல்லாமல் லெஷெக்கின் முடி இறக்கப்பட்டதாம். ஆகவே லெஷெக் டோப்ரோமிரின் வாரிசு அல்லவாம். ராஜிமிரின் மூத்த பிள்ளையாம், வாரிசில்லாத டோப்ரோமிரின் நிலமும் ராஜிமிர் வீட்டுக்கே சேருமாம். ‘என் அண்ணன் லெஷெக்கும் நானும் எங்கள் தகப்பன் வீட்டு நிலத்தைச் சேர்த்துப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்’ என்று எழுதியிருக்கிறான். அடியில் எனக்குத் தனியாக ஒரு வரி: ‘பெரியம்மாவுக்கு வணக்கம்.’ முறைப்படி நான் அவனுக்கு அண்ணி. என் கணவரும் அவனும் அண்ணன் தம்பி பிள்ளைகள். அந்த ஒரு சொல்லில் அவன் என் மகனை என் புருஷனிடமிருந்து பிரித்துவிட்டான்.

யாக்கோபு திருநாளில் நான்கு கோமகன்கள் கூடி இதை விசாரிக்கப் போகிறார்கள். சாட்சி யார் என்று கேட்கிறாயா? நான்தான். என் மேசை, என் குரல். அந்தக் குருவானவர் கேட்டுவிட்டுப் போய்ச் சொன்னார்.

லெஷெக் வந்தான். சத்தம் போடவில்லை. அவன் தகப்பனைப் போல மீசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். “அம்மா, ஒரு புஸ்தகத்துல உங்க பேர் வரணும்னு நாட்டையே வாசிச்சுக் குடுத்துட்டீங்களே” என்றான். முப்பத்துநான்கு வயது மகன் என்னிடம் அப்படிப் பேசினான். பாகோஷ் பக்கத்தில் இருந்தார். அவருக்கு வயிற்றுவலி எதுவும் இல்லை, என்ன ஆகும் என்று அன்றே தெரிந்துதான் எழுந்து போயிருக்கிறார்.

புதிய ஏட்டை எரித்துவிடு. பழையதை மறுபடி எழுதச் சொல். நீ யாக்கோபு திருநாளுக்கு வா. நடக்க முடியாவிட்டால் வண்டி அனுப்புகிறேன். புனிதரின் எலும்புப் பேழைமேல் கை வைத்து, நிலவறைக்குள் போனேன், அண்ணன் சம்மதம் சொன்னார் என்று சொல். அன்று வீரர்கள் முன்னால் சொன்ன அதே வாக்கியம்.

எவுஃபேமியா


ஓல்ஷின்
யோவான் பிறப்புத் திருநாள்

அண்ணி,

ஏடு எரிந்துவிட்டது. யாகூப் மறுபேச்சில்லாமல் பழையதைப் படியெடுக்கிறார். ராஜிமிர் என்ன தின்றார் என்ற கவலை இப்போது அவருக்கு இல்லை.

சத்தியம் மட்டும் என்னால் முடியாது. அன்று சொன்னது வாய்ச்சொல். அதையும் குருவிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி அழுதேன், ஏழு ஆண்டு தவம் இருந்தேன், யாருக்கும் தெரியாது. பேழைமேல் கை வைத்து மறுபடி சொல்வதென்றால் அந்த ஏழு ஆண்டும் நடிப்பு என்று ஆகும். இரவெல்லாம் யோசித்தேன். கோழை என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். வாசலோடு நின்றவள்தானே நான்.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. சத்தியத்துக்குப் பயப்படுவது பாதி. மறுபாதி, உங்கள் படிகளில் இறங்கி இறங்கி எனக்குச் சலித்துவிட்டது. அங்கே நான் கண்டெடுக்க ஒன்றுமில்லை என்று இப்போது தெரியும். அவர் திரும்பிப் பார்த்தது உங்களை.

என்னிடம் ஆள் அனுப்பிக் கேட்டால் மௌனமாக இருப்பேன். அது லெஷெக்குக்குப் போதாது என்று தெரியும். நீங்கள் புத்திசாலி. வேறு வழி பாருங்கள்.

சுலிஸ்லாவா


லிசோவ்
யாக்கோபு திருநாளுக்குப் பின் நான்காம் நாள்

சுலிஸ்லாவா,

வழியைக் காட்டியது பாகோஷ். உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் வெகுநேரம் தன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்க நாத்தனார் மேல உங்களுக்கு இருக்கற எரிச்சல் இந்த நாட்டுக்கே தெரியும். அவங்க போனாங்கன்னு அவங்களே சத்தியம் பண்ணினா, மடத்தைக் காப்பாத்தப் பண்றாங்கன்னு ஹென்ரிக் சொல்வான். நீங்க பண்ணினா யாரும் வாயைத் திறக்க முடியாது” என்றார்.

கோவிலுக்குப் பின்னால் இலை தழைத்த மரங்களின் கீழ் நான்கு கோமகன்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். வெயில். பீர் சூடாகியிருந்தது. ஹென்ரிக் எழுந்து வந்து குனிந்து, “வாங்க பெரியம்மா” என்றான். “நான் உனக்கு அண்ணி. உங்க அம்மா இருந்திருந்தா முறை சொல்லிக் குடுத்திருப்பா” என்றேன். பெஞ்சில் ஒருவர் இருமினார்.

பேழையைக் கொண்டுவந்தார்கள். கை வைத்தேன். அன்று காமியெனுக்கு என்னோடு வந்த சுலிஸ்லாவா காவலைக் கடந்து நிலவறைக்குப் போனாள், கோமகனின் சம்மதத்தோடு மேலே வந்தாள், அதன் பிறகே நான் பிள்ளையை ராஜிமிரின் முன் நிறுத்தினேன் என்று சொன்னேன். நான் சின்ன வயதிலிருந்து பொய் சொன்னதில்லை. விரலில் அடி வாங்கினாலும் யார் மை கொட்டியது என்று சொல்லிவிடுவேன்.

என் மேசையில் சாப்பிட்ட அந்தக் குருவானவர் எழுந்தார். “ஈஸ்டர் திங்களன்னிக்கு வேற மாதிரி வாசிச்சீங்களேம்மா. முப்பத்துநாலு பேர் கேட்டோமே?”

“வாசிச்சேன்.”

“அப்போ அது எப்படி?”

“பொறாமை” என்றேன்.

கேட்கவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார்கள். சுலிஸ்லாவா, நான் இன்னொரு முறை சொன்னேன். உரத்து. என் புருஷன் அவருடைய தங்கையைத்தான் பெரிதாக நினைத்தார், என்னால் அதைத் தாங்க முடியவில்லை, அவர் இறந்த பிறகாவது அவளுடைய காரியத்தை என்னுடையதாக்கிக்கொள்ளப் பார்த்தேன் என்றேன். நான்கு கோமகன்கள், அவர்களுடைய ஆட்கள், பீர் ஊற்றும் பெண்கள், எல்லாரும் கேட்டார்கள். சிரிப்பு வந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டார்கள். லெஷெக் மட்டும் சிரிக்கவுமில்லை, தரையைப் பார்க்கவுமில்லை. முடியிறக்கிய அன்று பார்த்ததுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹென்ரிக் லேசில் விடவில்லை. அவள் உள்ளே போய் வந்தாள் என்றால் உங்களிடம் விவரம் சொல்லியிருப்பாளே என்றான். சொன்னாள், வெளியே வந்த கையோடு சொன்னாள் என்றேன். எத்தனை படி? பத்தொன்பது, பதினொன்றாவது உடைந்தது. அவன் வீட்டு நிலவறை, அவனுக்குத் தெரியும். எந்தப் பக்கம் படுத்திருந்தார்? சுவரைப் பார்த்து. வைக்கோலா, மரப்பலகையா? வைக்கோல். விளக்கை எங்கே பிடித்தாள்? தன் முகத்துக்கு நேராக. கேட்கக் கேட்கச் சொன்னேன். உன்னை ஒவ்வொரு படியாக நானே கைபிடித்து இறக்கிவிட்டேன்.

நடுவில் இருந்த கிழட்டுக் கோமகன் கையைத் தூக்கி, போதும் என்றார். லெஷெக் அவன் தகப்பனின் பிள்ளை, நிலம் முழுவதும் அவனுடையது என்று தீர்ப்பாயிற்று. ஹென்ரிக் என்னருகே வந்து, “வரேன் அண்ணி” என்று சொல்லிவிட்டுப் போனான். லெஷெக் என் கையைப் பிடித்து வண்டிவரை கூட்டிப்போனான். ஒன்றும் பேசவில்லை. அவன் அப்பாவும் அப்படித்தான்.

பாவசங்கீர்த்தனம் முடித்துவிட்டேன். ஏழு ஆண்டு தவம் என்றார் குரு. எனக்கு வயது அறுபத்துமூன்று, பார்க்கலாம். உன் பதினேழு இடங்களும் உன்னுடையவை. என் மூன்று எனக்குப் போதும்.

ஒன்றை மட்டும் நீ வேறு யார் வழியாகவும் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது. போதும் என்று சொல்வதற்கு முன்பு அந்தக் கிழவர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். தங்கை முகத்தைப் பார்த்ததும் டோப்ரோமிர் முதலில் என்ன சொன்னார் என்றார். ‘சுலி, வந்துட்டியா’ என்று நடந்ததைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீ அவரிடம் சொல்லிவந்த தண்ணீரும் குதிரையும் நினைவுக்கு வந்தன. எல்லாரும் காத்திருந்தார்கள். என் கை இன்னும் பேழைமேல் இருந்தது.

“‘எவுஃபேமியா எப்படி இருக்கா?’ன்னு கேட்டாராம்” என்று சொல்லிவிட்டேன்.

கோமகன்களின் எழுத்தர் அதைக் குறித்துக்கொண்டார். ஆகவே யாகூபும் எழுதத்தான் வேண்டும். ஆறாம் அதிகாரத்தில், நீ விளக்கைத் தூக்கிய வரிக்கு அடுத்து. அதை வெட்டிவிடாதே.

உன் அண்ணி
எவுஃபேமியா